அண்டா மின்னிய நாள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கு ஒரு கனமான கையேடு கொடுத்திருப்பார்கள். எந்த அழுக்குக்கு எந்தத் திரவம், எந்த நஞ்சுக்கு எந்தச் சோதனை என்று அதில் எல்லாம் அழகாக எழுதியிருக்கும். படியுங்கள். நானும் ஒழுங்காகப் படித்தவன்தான். ஆனால் இந்த வேலையில் நான் பட்ட அவமானங்களில் ஒன்றுகூட அந்தக் கையேட்டில் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்து வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள், இனி வெளிநாட்டுச் சரக்கெல்லாம் தாராளமாக வரும் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம். கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்தன. வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்தது. நன்னிலத்துக்குப் பக்கத்தில் வயல்களுக்கு நடுவே இருந்த எங்கள் எரிவாயு நிலையத்துக்கு வந்தது ஒரு பழைய இரும்பு உருளை. கடல் தாண்டி எங்கோ ஆண்டுக்கணக்கில் உழைத்து, போதும் என்று அவர்கள் ஓரங்கட்டியதை எங்கள் கம்பெனி ஆசைப்பட்டு வாங்கியிருந்தது. குழாயில் வரும் வாயுவிலிருந்து தண்ணீரையும் எண்ணெயையும் பிரிப்பது அதன் வேலை. பக்கவாட்டில் இருக்கும் ஓட்டை வழியாக ஆள் உள்ளே இறங்கிக் குனிந்தபடி நடமாடலாம். அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. எங்கள் ஆட்கள் லாரியிலிருந்து இறக்கும்போதே அதற்கு அண்டா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அண்டா சும்மா வரவில்லை. அந்தக் காலத்துக் கம்ப்ரஸர் எண்ணெயில் கலந்திருந்த ஒரு நச்சு ரசாயனமும் அதன் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு விசா இல்லாமல் வந்து இறங்கியிருந்தது. அதைக் கழுவித் துடைத்து, வெளியாள் ஒருவர் வந்து சோதித்து, சுத்தம் என்று கையெழுத்துப் போட்டால்தான் குழாயோடு இணைக்க முடியும். சோதனையில் இரண்டு கட்டம். முதலில் ஓட்டையைத் தார்ப்பாயால் மூடி இருட்டாக்கி, உள்ளே பிளாக் லைட் என்ற கருநீல விளக்கைப் பிடிப்பார்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் அந்த வெளிச்சத்தில் மின்னும். மின்னினால் அதோடு தோல்வி. மின்னாவிட்டால்தான் சுவரைத் துடைத்து மாதிரி எடுத்து, குப்பியில் போட்டு நிறம் பார்க்கும் இரண்டாம் கட்டம்.

நான் அங்கே கெமிஸ்ட். எம்.எஸ்ஸி. படித்தவன் என்பதை மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளும் சிரமத்தை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

துடைக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரி காதர், கூத்தாநல்லூர்க்காரர். அவர் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். முப்பது வயதைத் தாண்டியும் ஊரிலேயே இருந்த ஒரே ஆண்பிள்ளை காதர்தான். அதனால் அவருக்கு உள்ளூர்க் காதர் என்று பெயர். இரண்டு முறை விசா வந்து இரண்டு முறையும் ஏஜென்ட் கைவிரித்துவிட்டான். பேசி வைத்திருந்த பெண்ணின் தகப்பனார் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் பொறுமைக்கு ஓர் எல்லை இருந்தது. மூன்றாவது விசா இப்போது வந்திருந்தது. இந்த முறை நிஜ விசா. வளைகுடாவில் இதே மாதிரி அண்டாக்களைச் சுத்தம் செய்யும் கம்பெனி. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: இந்த ஆள் பொறுப்பேற்றுச் சுத்தம் செய்த உருளை சோதனையில் தேறியது என்று அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் எழுதித் தர வேண்டும். விசா காலாவதியாக ஒரு வாரம்கூட இல்லை. அதற்குள் எங்களுக்கு வரப்போகிற ஆய்வாளர் ஒரே ஒருவர். சோதிக்க இருந்ததும் ஒரே ஓர் அண்டா. இதுவும் தவறினால் பெண் வீட்டில் பேச்சு முடிந்தது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

காதரின் கூட்டத்தில் பக்கிரிசாமி என்று ஒருவர். குத்தகை நிலத்தில் நடவு, அறுப்பு இல்லாத நாட்களில் எங்களிடம் வேலைக்கு வருவார். ஒல்லியான உடம்பு. அண்டாவின் கடைசியில் தடுப்புத் தகடுகளுக்குப் பின்னால் நுழைந்து துடைக்கக்கூடிய ஒரே உடம்பு அதுதான். காதரும் அவரும் பல வருஷமாக ஒரே தூக்கில் சாப்பிடுகிறவர்கள், ஒரே வெற்றிலைப் பொட்டலத்தைக் காலி செய்கிறவர்கள். காதருக்கு விசா வந்த அன்று காதரைவிடப் பக்கிரிதான் அதிகம் குதித்தார். சேதியை நிலையம் முழுக்கச் சொல்லிவிட்டு, வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தவர்களையும் கூப்பிட்டுச் சொன்னார்.

இப்போது துணி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாம் கெட்டது அங்கேதான். துடைப்பதற்கென்று தனித்துணி சென்னையிலிருந்து வர வேண்டும். லாரி வரவில்லை. பழைய வேட்டிகளைக் கிழித்துத் துடைக்கலாமே என்று காதர் கேட்டார். கூடாது என்றேன். வீட்டில் நாம் போடும் சோப்புத் தூளில் வெண்மைக்காக ஒரு பொருள் சேர்க்கிறார்கள், அது பிளாக் லைட்டில் பளபளவென்று மின்னும். சலவை பார்க்காத, வெளுக்காத கோராத் துணிதான் வேண்டும் என்று சொல்லி, கூத்தாநல்லூரில் காதரின் உறவினர் வைத்திருந்த ஜவுளிக்கடையில் ஒரு பீஸ் வாங்கி, கைக்குட்டை அளவில் துண்டு போடச் சொன்னேன். இதையெல்லாம் யோசித்த என் அறிவை எண்ணி எனக்கே பெருமையாக இருந்தது. துண்டு போட்டு அடுக்கும் வேலையைப் பக்கிரி ஏற்றுக்கொண்டார். எண்ணெயைக் கரைக்கும் சால்வென்டில் அந்தத் துண்டுகளை நனைத்து, காதர் கூட்டம் ஒரு நாள் முழுக்க அண்டாவைத் துடைத்தது.

மறுநாள் காலை ஆய்வாளர் வந்தார். பம்பாய்க்காரர், மெலிந்த மனிதர், சஃபாரி சூட். டீ வேண்டாம் என்றார், இளநீர் வேண்டாம் என்றார், நாற்காலியும் வேண்டாம் என்றார். இப்படி எதுவும் வேண்டாம் என்கிற மனிதரிடம் எனக்கு எப்போதும் பயம். ஓட்டைக்கு வெளியே உட்கார்ந்து உள்ளே போகிறவர்களைக் கணக்கு வைக்கும் காவல் வேலை மாரிமுத்துவுக்கு. அவர் எங்கள் இரண்டு பேரின் பெயரையும் குறித்துக்கொண்டார். நானும் ஆய்வாளரும் உள்ளே இறங்கினோம். தார்ப்பாயை மூடினார்கள். ஆய்வாளர் விளக்கைப் போட்டார்.

தம்பிகளே, அண்டா மின்னியது. ஓரத்திலோ மூலையிலோ மட்டும் அல்ல. தரை, சுவர், கூரை, தடுப்புத் தகடு எல்லாம் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒளியில் ஜொலித்தது. கை வீசித் துடைத்த வளைவுகள் வரிவரியாகத் தெரிந்தன. எவ்வளவு கவனமாகத் துடைத்திருந்தார்களோ அவ்வளவு கவனமாக மின்னியது. ஆய்வாளர் ஒரு விரலால் சுவரைத் தடவிப் பார்த்தார், விளக்கை அணைத்தார், வெளியே ஏறினார். இதற்குக் காரணமான ஆள் யாராக இருந்தாலும், தான் ஆய்வுக்குப் போகிற எந்த இடத்திலும் இனி அவன் கால் வைக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார். பிறகு வேப்பமரத்தடிக்குப் போய்த் தன் டிபன் டப்பாவைத் திறந்தார். சாப்பிட்டு முடித்ததும் அறிக்கை எழுதுவாராம்.

ஆக, அவருடைய சாப்பாடுதான் எங்களுக்கு இருந்த அவகாசம். அவரோ நல்லவேளையாக நிதானமாக மென்று தின்கிறவர்.

காதருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், கீழே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அப்போது மின்னக்கூடியது எல்லாம் பேயாகத் தெரிந்தது. சால்வென்ட் டிரம்மில் யாராவது டீசல் மொண்டார்களா? காதர் தலையில் வைத்திருந்த வெளிநாட்டு ஹேர் ஆயிலா? ஒவ்வொருவர் தலையாக மோந்து பார்த்தேன். ஒரு நிலையத்தின் கெமிஸ்ட், வரிசையாக நிற்கும் ஆட்களின் உச்சந்தலையை முகர்ந்துகொண்டு போவதை ஆய்வாளர் மரத்தடியிலிருந்து சப்பாத்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மோந்து பார்த்து எதுவும் தேறாததால், முந்தின நாளே போட்டுப் பார்த்திருக்க வேண்டிய எங்கள் விளக்கை எடுத்துக்கொண்டு காதரையும் பக்கிரியையும் கூட்டிக்கொண்டு மறுபடி உள்ளே இறங்கினேன். விளக்கைப் போட்டதும் முதலில் மின்னியது என் சட்டை. எங்கள் வீட்டுச் சோப்புத் தூளின் புண்ணியத்தில் நான் நீல வெள்ளையாகத் தேவலோகத்து ஆள் மாதிரி நின்றேன். ஆனால் சுவரில் இருந்தது அந்த நிறம் இல்லை. எண்ணெய் மின்னும் நிறமும் இல்லை. திரும்பினால் பக்கிரியின் வலது கை. விரல் நுனிகள் ஐந்தும் அண்டாச் சுவரின் அதே நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன.

கையை எதில் வைத்தாய் என்று கேட்டேன். எதிலும் வைக்கவில்லை என்றார். துணியை எப்படித் துண்டு போட்டாய் என்று கேட்டேன். கத்தரிக்கோலால் போட்டேன் என்றார். போட்ட பிறகு என்ன செய்தாய் என்று கேட்டதும் பக்கிரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"மஞ்ச வச்சேன் சார்."

"எதுக்கு?"

"புதுத்துணி சார். மஞ்ச வைக்காம எப்படி சார் எடுக்கறது?"

ஒவ்வொரு துண்டிலும். ஒவ்வொரு துண்டின் மூலையிலும், வீட்டில் தீபாவளிச் சட்டைக்கு வைப்பது போல, குழைத்த மஞ்சளைத் தொட்டுத் தொட்டு வைத்திருந்தார். சட்டைக்கு ஒரு மூலையில் வைத்தால் போதும். இது காதருடைய காரியம் என்பதால் நான்கு மூலையிலும் வைத்தாராம். மஞ்சள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. சால்வென்டில் ஆனந்தமாகக் கரையும். உள்ளே எரிந்த மங்கல் பல்பில் அந்த வெளிர்மஞ்சள் யார் கண்ணுக்கும் படவில்லை. ஆக, காதர் கூட்டம் ஒரு நாள் முழுக்க அண்டாவுக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியிருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

பக்கிரிக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. நல்லது என்று நினைத்துத்தானே வைத்தேன் என்று ஒரே ஒரு முறை சொன்னார். அந்தக் குரலைக் கேட்டபோது எனக்குத் திட்ட வரவில்லை.

அதுவுமில்லாமல், உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளூரக் குஷி பிறந்திருந்தது. இது எண்ணெய் இல்லை, வெறும் மஞ்சள். அதை நிரூபிக்க எனக்குத் தெரியும். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கும் எல்லா வீட்டுக்கும் தெரிந்த விஷயம். அதற்கு விஞ்ஞானக் காரணம் சொல்ல எம்.எஸ்ஸி. தேவை, அது என்னிடம் இருந்தது. ஒரு வெள்ளைத்தாளால் சுவரைத் துடைத்து எடுத்துக்கொண்டேன். பக்கிரியின் வெற்றிலைப் பையிலிருந்த சுண்ணாம்பு டப்பியைப் பிடுங்கிக்கொண்டேன். வேப்பமரத்தடியை நோக்கி நடந்தேன்.

ஆய்வாளர் தயிர்சாதத்துக்கு வந்திருந்தார். நான் தாளை விரித்தேன். கனம் பொருந்திய ஐயா, நீங்கள் பார்த்தது நச்சு எண்ணெயின் ஒளி அன்று, இதோ பாருங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு முன்னுரை சொன்னேன். விரல் நுனியில் சுண்ணாம்பைத் தொட்டு, சற்று நிறுத்தி, தாளில் வைத்தேன். ரத்தமாகச் சிவந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மாரிமுத்து மட்டும் தூரத்திலிருந்து கைதட்டினார்.

ஆய்வாளர் ஊறுகாயை நக்கிவிட்டுச் சொன்னார்: "மஞ்சள் என்று பார்த்த உடனே தெரியும். எங்கள் வீட்டிலும் மஞ்சள் இருக்கிறது. அது என்ன என்று நான் கேட்கவில்லையே. அது ஏன் உள்ளே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி."

தம்பிகளே, தங்கைகளே, இதை மட்டும் எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அழுக்கு இன்னதென்று கண்டுபிடிப்பது கெட்டிக்காரத்தனம். அதை எடுப்பதுதான் வேலை. மஞ்சள் மின்னிக்கொண்டிருக்கும் வரை, அதற்கு அடியில் எண்ணெய் மின்னினாலும் யாருக்கும் தெரியாது. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் சுண்ணாம்புக் கையோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஆனால் சாப்பிட்ட மனிதரிடம் கொஞ்சம் இரக்கம் சுரக்கும் என்பது என் அனுபவம். தஞ்சாவூரில் ராத்திரி தனக்கு ரயில் என்றார். பொழுது சாய்வதற்குள் மறுபடி துடைத்து முடித்தால் இன்னொரு முறை பார்ப்பதாகவும், அப்போதும் மின்னினால் தன்னிடம் யாரும் பேச வர வேண்டாம் என்றும் சொன்னார்.

ஜீப்பை நன்னிலம் கடைத்தெருவுக்கு விரட்டினேன். புதிதாக ஒரு கோராப் பீஸ் வந்து இறங்கியது. காதர் கத்தரிக்கோலை எடுத்தார். பக்கிரி மட்டும் தள்ளி நின்றார். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை என்பது இதுதான்.

"மஞ்ச வைக்காம இதத் தொட மாட்டேன் சார். மன்னிச்சிருங்க."

அடுத்து அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. நம் பக்கத்தில் மஞ்சள் வைக்காத புதுத்துணி ஒரே ஓர் இடத்துக்குத்தான் போகும். செத்தவருக்குப் போடும் கோடி. வெளிநாடு கிளம்பும் சிநேகிதனின் காரியத்தைக் கோடித்துணியால் துடைக்க அவருக்குக் கை வரவில்லை. அவர் உள்ளே நுழையாவிட்டால் தடுப்புத் தகடுகளுக்குப் பின்னால் வேறு யாராலும் நுழைய முடியாது.

காதர் எழுந்து வந்தார். "எங்க வீட்ல யாருய்யா புதுச்சட்டைக்கு மஞ்ச வைக்கிறா? எங்க தெரு முழுக்க உசுரோடதானே இருக்கு?"

"உங்க பழக்கம் உனக்கு. உனக்கு ஒண்ணு ஆயிட்டா நான்ல காலத்துக்கும் நெனச்சுக்கிட்டு இருப்பேன்."

என் வாயில் ஒரு ரசாயனச் சொற்பொழிவு தயாராக இருந்தது. மூட நம்பிக்கை பற்றி இன்னொன்றும் இருந்தது. இரண்டையும் விழுங்கினேன், ஏனென்றால் சூரியன் எங்கள் சொற்பொழிவுக்காக நிற்காது. அவசர நேரத்தில் ஒரு மனிதனின் நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவன் நம்பிக்கைக்கு உள்ளேயே எங்காவது ஒரு பின்கதவு இருக்கும், அதைத் தேடுங்கள். நான் பக்கிரியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். புதுத்துணி எப்போது பழசாகும்?

பக்கிரி யோசித்தார். "ஒருத்தர் உடுத்திட்டா பழசுதானே சார்."

"யார் உடுத்தினாலும் சரியா?"

"காதரு உடுத்தினா இன்னும் நல்லது. அவன் காரியம்தானே."

அடுத்து நடந்ததை நான் பல பயிற்சி வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன், யாரும் நம்பியதில்லை. காதரின் தலையெண்ணெயும் வியர்வையும் துணியில் படக் கூடாது என்பதற்காக, முதலில் அவருக்குக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை பிளாஸ்டிக் மேலுடை போட்டு, கையுறையும் மாட்டினேன். பிறகு அந்தப் பீஸின் ஒரு முனையை அவர் இடுப்பில் சொருகினோம். அடுத்த முனையை இரண்டு பேர் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். காதர் நின்ற இடத்திலேயே சுற்றச் சுற்ற, துணி முழுவதும் அவர் மேல் ஏறியது. கடைசியில் தலை மட்டும் வெளியே தெரிய, நடமாடும் வைக்கோல்போராக நின்றார். கைகள் உள்ளே மாட்டிக்கொண்டன. பக்கிரி திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, உடுத்தினது உடுத்தினதாக இருக்கணும், நாலு எட்டு நடக்கணும் என்றார். காதர் நடந்தார். அண்டாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மாரிமுத்து எழுந்து நின்று வழிவிட்டார்.

வேப்பமரத்தடியில் ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். எழுந்து என்னிடம் வந்து, இது எந்த மதத்துச் சடங்கு என்று கேட்டார். இரண்டு மதமும் சேர்ந்து இப்போதுதான் கண்டுபிடித்தது என்றேன். அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

துணி சட்டப்படி பழையதாகிவிட்டது. சுற்றியதை அவிழ்த்தோம், துண்டு போட்டோம். பக்கிரி சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, கையுறையும் மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். அன்றைக்கு அவர் துடைத்த துடைப்பை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. விதிப்படி இடைவேளைக்கு வெளியே வரச் சொன்னால் வந்து மூச்சு வாங்கிவிட்டு, காதர் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் மறுபடி இறங்கினார். தகடுகளுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் வரும், இன்னொரு துணி, இன்னொரு துணி என்று. மற்றவர்கள் களைத்து உட்கார்ந்த பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. வெளியே வந்தபோது முழங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது.

வயலில் வெயில் சாயத் தொடங்கியபோது ஆய்வாளர் விளக்கோடு இறங்கினார். நான் சட்டையைக் கழற்றிவிட்டு, அவர் பின்னாலேயே மேலுடையோடு இறங்கினேன். தார்ப்பாய் மூடியது. விளக்கு எரிந்தது. ஒன்றும் தெரியவில்லை. நான்கு பக்கமும் கருப்பு. என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக அழகான கும்மிருட்டு அது. அவர் தகடுகளுக்குப் பின்னால் விளக்கை நீட்டிப் பார்த்தார், அங்கேயும் கருப்பு. பிறகு மாதிரிகளைத் துடைத்து எடுத்துக் குப்பிகளில் போட்டார். நிறம் மாறாமல் நின்றது. நச்சு போயிருந்தது, மஞ்சளும் போயிருந்தது.

அண்டாவுக்கான தாளில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். காதருக்கான தாளை எடுத்ததும் பேனாவை மூடிவிட்டார். உருளை சுத்தமாகிவிட்டது, ஆனால் மேஸ்திரி பற்றி எழுதுவது வேறு விஷயம் என்றார். காலையில் அண்டா மின்னக் காரணமான ஆள் யார் என்று மேஸ்திரியே சொல்லட்டும் என்று, என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்.

காலையில் அவர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. காரணமான ஆள் இனி எந்த இடத்திலும் கால் வைக்கக் கூடாது. காதருக்கும் அதைச் சொல்லியிருந்தேன். பக்கிரியைக் கைகாட்டினால் அது உண்மை, பேனா திறந்துவிடும். தான்தான் என்று காதர் சொன்னால் விசா போகும், பெண் போகும், உள்ளூர்க் காதர் என்ற பெயர் ஆயுளுக்கும் நிற்கும். கேள்வியைச் சொன்னேன். காதர் யோசிக்கவே இல்லை.

"துணிய வாங்கிக் குடுத்தது நானு, பாக்காம குடுத்ததும் நானு. என் கேங்குல யாரு கை பட்டாலும் அது என் கைதான்னு சொல்லுங்க சார்."

நான் மொழிபெயர்ப்பதற்குள் பக்கிரி கையைத் தூக்கிவிட்டார். மஞ்சள் வைத்தது தான்தான், காதருக்கு எதுவும் தெரியாது என்று படபடவென்று சொன்னார். இரண்டு பேர் நிற்கும்போது நான் மட்டும் சும்மா நிற்பது நன்றாக இருக்காது என்று நானும் கையைத் தூக்கினேன். கோராத் துணி வாங்கச் சொன்னது நான்தானே. எங்கள் மூன்று பேர் கையும் மேலே இருப்பதைப் பார்த்த மாரிமுத்து, ஏதோ கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, அவரும் ஒரு கையைத் தூக்கி வைத்தார்.

ஆய்வாளர் நான்கு கைகளையும் பார்த்தார். மாரிமுத்துவைக் காட்டி, இவர் என்ன செய்தார் என்று கேட்டார். வெளியே உட்கார்ந்திருந்தார் என்றேன். பிறகு காதரிடம் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னார்: அங்கே போனதும் முதலில் என்ன செய்வாய்? துடைக்கிறதுக்கு முந்தித் துணியை விளக்கில் காட்டிப் பார்ப்பேன் என்றார் காதர். அதைக் கேட்டதும் எனக்கே சுருக்கென்றது, ஏனென்றால் எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. பேனா திறந்தது. எழுதி முடித்துத் தாளை நீட்டும்போதுதான் அவர் அன்று முதல் முறையாக ஒன்றைக் கேட்டு வாங்கிக் குடித்தார், ஒரு டீ.

அன்றிலிருந்து துணியை விளக்கில் காட்டிப் பார்த்த பிறகுதான் நான் வெட்ட விட்டேன். உங்கள் கையேட்டின் புதிய பதிப்பில் அந்த விதி இருக்கிறது. காரணம் மட்டும் போட்டிருக்க மாட்டார்கள்.

விசா முடிவதற்குள் காதர் கிளம்பினார். கூத்தாநல்லூரில் அவர் வீட்டு வாசலில் வேன் நின்றது. சொந்தக்காரர்கள், மாமனார் ஆகப்போகிறவர், எஸ்.டி.டி. பூத்துக்காரர், எல்லோரும் கூடியிருந்தார்கள். நான் எங்கள் நிலையத்தின் சார்பில் ஒரு நீண்ட அறிவுரை சொன்னேன், யாரும் கேட்கவில்லை. பக்கிரி பெட்டிகளை ஏற்றினார், கயிறு கட்டினார், கட்டியதை இழுத்துப் பார்த்தார். காதர் அவர் தோளைப் பிடித்து ஏதோ சொன்னார். பக்கிரி சிரித்துக்கொண்டே போ, போ என்று முதுகில் தட்டி ஏற்றிவிட்டார். வேன் தெருமுனை திரும்பும் வரை அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

கூட்டம் கலைந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம். மூன்று வருஷம் கழித்துத்தான் லீவு கிடைக்குமாமே என்று கேட்டார். ஆமாம் என்றேன். நாளைக்கு வேலை உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"அந்த ரெண்டாவது தடவ, நான் அவ்வளவு சுத்தமா தொடச்சிருக்க வேணாம் சார்."